பியாண்ட் தி ராக்ஸ்: டிஸ்க் கோளாறா, படமே அப்படித்தானா?

கேள்வி:
ஞாயிறன்று 'பியாண்ட் தி ராக்ஸ்' (1922) பார்த்தேன். குளோரியா ஸ்வான்சன், வாலன்டினோ நடித்தது. குடும்பத்துக்காக வயதான பணக்காரரைக் கட்டிக்கொள்கிறாள். மனசோ, படகிலிருந்து விழுந்தபோது காப்பாற்றிய பிரபுவிடம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த படம், சில இடங்களில் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி கொப்புளித்துப் போகிறது. சட்டைத் துணியால் டிஸ்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டேன். கடையில் மாற்றித் தருவார்களா?

பதில் 1:
முதலில் துடைப்பதை நிறுத்துங்கள். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, பிரிண்ட்தான் அப்படி. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சும்மா வைத்திருந்தாலே கெடும். படம் மங்கும், பிசுபிசுக்கும், சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பழுப்புப் பொடிதான் மிஞ்சும். தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும்.

இந்தப் படம் பல காலம் தொலைந்தே போயிருந்தது. ஒரு நிமிஷத் துண்டுதான் மிச்சம் என்றிருந்தார்கள். நெதர்லாந்தின் ஹார்லெம் ஊரில் ஒரு சேகரிப்பாளர் இறந்த பிறகு, துருப்பிடித்த சுமார் 2,000 டப்பாக்கள் ஆம்ஸ்டர்டாம் பிலிம் மியூசியத்துக்குப் போயின. அதற்குள்தான் இது இருந்தது. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு ரீலாகத் தேடிச் சேர்த்தார்கள். என் அப்பா தியேட்டர் ஆபரேட்டர். படப்பெட்டியில் ஒரு ரீல் மாறி வந்தாலே விசில் பறக்குமாம். இங்கே முழுப் படமே மாறிக் கிடந்திருக்கிறது!

பதில் 2:
கிடைத்தது டச்சு பிரிண்ட் என்பதால் டைட்டில் கார்டுகளும் (ஊமைப் படத்தில் நடுநடுவே வசனம் காட்டும் எழுத்துகள்) டச்சில்தான் இருந்தன. நீங்கள் பார்த்த ஆங்கிலக் கார்டுகள் பிறகு செய்தவை. சரிசெய்த படத்தை 2005 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் திரையிட்டார்கள். வாலன்டினோ 1926-இலேயே போய்விட்டார், 31 வயது. ஸ்வான்சன் 1983 வரை இருந்தும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கதை சுமார்தான், என்னைக் கேட்டால். ஆனால் இரண்டு கடிதங்கள் உறை மாறுகிற இடம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

கேட்டவர்:
நன்றி. மாற்றக் கேட்கவில்லை. ஆனால் துடைத்த துடைப்பில் இப்போது நிஜமாகவே ஒரு கீறல் விழுந்துவிட்டது. ஆல்ப்ஸ் மலையில் அவள் வழுக்குகிற இடத்தில் படம் அப்படியே நின்றுவிடுகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?