புதிய இணையதளத்துக்குப் பாதுகாப்பும் வருகைக் கணக்கும்: எதிலிருந்து தொடங்க வேண்டும்?

தாராவி தோல்பை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மும்பை தாராவியில் எங்கள் குடும்பம் தோல் பைகள், பர்சுகள், பெல்ட்டுகள் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறது. செய்வதில் பெரும்பகுதி சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையிலுள்ள கடைகளுக்கே போய்விடுகிறது. பட்டறையின் பெயரிலேயே நேரடியாக விற்க வேண்டும் என்று தம்பியும் நானும் முடிவு செய்து, தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு, தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓர் இணையதளம் அமைத்திருக்கிறோம். பொருள்களின் படங்கள், விலை, ஒரு விசாரணைப் படிவம், வாட்ஸ்அப்பில் பேசுவதற்கான பட்டன் ஆகியவையே அதில் உள்ளன. பணம் செலுத்தும் வசதி இப்போதைக்கு இல்லை.

தளம் வெளியான நாளிலிருந்து, கடன் தருவதாகவும் கூகுளில் முதலிடம் வாங்கித் தருவதாகவும் படிவத்தின் வழியே செய்திகள் குவிகின்றன. உண்மையான வாடிக்கையாளரின் கேள்வி அவற்றுக்கிடையே புதைந்துபோகிறது. யாருக்கும் சொல்லாத தளத்தை இவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே எனக்கு விளங்கவில்லை. தளம் அமைத்தவர், எஸ்எஸ்எல் (தகவலை மறையாக்கி அனுப்பும் ஏற்பாடு) போட்டாகிவிட்டது, இனி அச்சமில்லை என்கிறார். இன்னொருவர் நான்கைந்து பாதுகாப்புப் பிளகின்களை (தளத்தோடு சேர்க்கும் துணை நிரல்களை) உடனே நிறுவச் சொல்கிறார்.

தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பலகையில் வருகையாளர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் காட்டுகிறது. வாட்ஸ்அப்பிலோ விரல்விட்டு எண்ணும் அளவுக்கே விசாரிக்கிறார்கள். இந்த இரண்டில் எதை நம்புவது? பாதுகாப்பிலும் வருகைக் கணக்கிலும் நான் முதலில் செய்ய வேண்டியவை எவை என்று அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

---

பவாய் சர்வர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். சர்வர் பராமரிப்பே என் தொழில் என்பதால் பாதுகாப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிளகின்களுக்கு முன்பாக, தளத்தின் சாவிகள் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். தளத்தின் முகவரியான டொமைன் பெயர் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, ஹோஸ்டிங் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, வேர்ட்பிரஸில் எதையும் மாற்றக்கூடிய அட்மின் உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்ற மூன்றுக்கும் உங்களிடம் விடை இருக்க வேண்டும். தெரிந்த பிள்ளை ஒருவர் செய்து கொடுக்கும் தளங்களில் இவை பெரும்பாலும் அவருடைய ஜிமெயில் முகவரியிலேயே இருக்கும். அவர் நல்லவராகவே இருந்தாலும், புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவருடைய பழைய முகவரிக்குப் போய், அவர் அதைப் பார்க்காமல் விட்டால் டொமைன் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போய்விடலாம். எந்தப் பிளகினாலும் அதைத் தடுக்க முடியாது.

அறிவிக்காத தளத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ்எஸ்எல் சான்றிதழ் ஒன்று வழங்கப்பட்டதும் அது எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் இடம்பெறுகிறது. புதிய தளங்களைத் தேடும் நிரல்கள் அந்தப் பதிவேடுகளை ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே உங்கள் பட்டறையை யாரோ குறிவைத்துவிட்டார்கள் என்று கலங்க வேண்டாம். வேர்ட்பிரஸ் தளம் எதைக் கண்டாலும் அதன் உள்நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொற்களை வரிசையாக முயன்று பார்ப்பதும் படிவங்களை நிரப்புவதும் அந்த நிரல்களின் வேலை. சிறிய தளம் என்பதால் அவை விட்டுவைப்பதில்லை.

எஸ்எஸ்எல் அவசியமானது. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, அது இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையிலேயே காட்டுகிறது. ஆனால் அதன் வேலை, வாடிக்கையாளரின் உலாவிக்கும் உங்கள் சர்வருக்கும் இடையே செல்லும் தகவலை நடுவில் எவரும் படிக்காமல் காப்பது மட்டுமே. பலவீனமான கடவுச்சொல்லின் வழியே உள்ளே வருபவரையும் பழைய பிளகினின் ஓட்டையில் நுழைபவரையும் அது தடுக்காது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாக வழங்கும் சான்றிதழ்தான் உங்களிடமும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் வழக்கமான ஆயுள் 90 நாள் என்பதால், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு ஹோஸ்டிங்கில் இயங்குகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது புதுப்பிப்பு. வேர்ட்பிரஸின் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் 2013இல் வந்த 3.7ஆம் பதிப்பிலிருந்தே தாமாகப் பதிந்துகொள்கின்றன. பிளகின்களுக்கும், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம்களுக்கும் அந்த வசதியை நாமே இயக்க வேண்டும். 2020இல் வந்த 5.5ஆம் பதிப்பு முதல் அது பிளகின் பட்டியலிலேயே இருக்கிறது. பயன்படுத்தாத பிளகினை முடக்கி வைத்தால் போதாது. கோப்புகள் சர்வரில் இருக்கும்வரை அவற்றிலுள்ள ஓட்டையும் இருக்கும். எனவே நீக்கிவிடுங்கள். அமைத்தவரிடம் ஒன்றை நயமாகக் கேளுங்கள்: தீம் எங்கிருந்து வந்தது? விலைகொடுத்து வாங்க வேண்டிய தீமை எங்கோ இலவசமாக இறக்கியிருந்தால், அதற்குள் பிறர் மறைவாக நுழைவதற்கான பின்வாசல் ஒன்று சேர்க்கப்பட்டிருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். அப்படியானால் தயங்காமல் அதிகாரப்பூர்வத் தீம் ஒன்றுக்கு மாறிவிடுங்கள்.

பாதுகாப்புப் பிளகின் ஒன்று போதும். இரண்டு மூன்றை நிறுவினால் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு, உங்களையே வெளியே பூட்டிவிடும். வேர்ட்ஃபென்ஸின் இலவசப் பதிப்பு உங்கள் தேவைக்கு ஏற்றது. கட்டணம் செலுத்துவோருக்கு உடனே கிடைக்கும் தடுப்பு விதிகள் இலவசப் பதிப்புக்கு 30 நாள் கழித்தே வரும் என்பதை அறிந்து பயன்படுத்துங்கள். தவறான உள்நுழைவு முயற்சிகளுக்கு வரம்பு வைப்பது, செல்பேசிச் செயலி வழியே இரண்டாவது குறியீடு கேட்பது ஆகிய இரண்டையும் அதிலேயே இயக்கலாம். படிவத்தில் குவியும் குப்பைக்குக் கிளவுட்ஃப்ளேர் இலவசமாகத் தரும் டர்ன்ஸ்டைல் சோதனையைச் சேர்த்தால் பெரும்பகுதி நின்றுவிடும். வாடிக்கையாளர்களைப் படப் புதிர்களால் அலைக்கழிக்கவும் மாட்டாது.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது பேக்கப். கோப்புகள், தரவுத்தளம் இரண்டும் சேர்ந்த நகல், அதே சர்வரில் இல்லாமல் கூகுள் டிரைவ் போன்ற வேறிடத்தில் இருக்க வேண்டும். அப்டிராஃப்ட்பிளஸ் பிளகின் இதைத் தானாகச் செய்யும். நகலை எடுத்ததோடு விட்டுவிடாமல், ஒரு முறையாவது அதைச் சோதனை இடம் ஒன்றில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நான் நகலாகவே கருதுவதில்லை.

இன்றே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கூகுள் தேடல் பெட்டியில் ‘site’ என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் மட்டும் வந்தால் நல்லது. ஜப்பானிய எழுத்துகளிலோ, மருந்து, சூதாட்டம் பற்றியோ நீங்கள் எழுதாத பக்கங்கள் வரிசையாக வந்தால், யாரோ ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்கள் என்று பொருள்.

---

செம்பூர் வாசகி எழுதியது:

பாதுகாப்பைப் பற்றி ஐயா விரிவாகவே எழுதிவிட்டார். சிறு கடைகளின் இணைய விற்பனைக் கணக்கைப் பார்ப்பவள் என்ற முறையில் வருகையைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஹோஸ்டிங் பலகையில் ஆயிரக்கணக்கில் தெரிவது, சர்வரின் பதிவேட்டில் விழுந்த கோரிக்கைகளை வைத்துப் போடப்பட்ட கணக்கு. மேலே சொல்லப்பட்ட நிரல்கள் தட்டுவதும் தேடுபொறிகள் வந்து படிப்பதும் அதில் கலந்திருக்கும். ஹிட்ஸ் என்ற பத்தியைப் பார்த்தீர்களானால், ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது இறங்கும் ஒவ்வொரு படமும் அங்கே தனித்தனியாக எண்ணப்படும். உங்கள் பைகளின் பக்கத்தில் இருபது படங்கள் இருந்தால், ஒரே வாடிக்கையாளர் இருபதுக்கும் மேலாகத் தெரிவார். ஆகவே உங்கள் இரண்டு கணக்குகளில் வாட்ஸ்அப்பையே நம்புங்கள்.

மனித வருகையை அறியக் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 போதும். அதன் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைப் பதிவதை நிறுத்திவிட்டது; அதை அமைக்கச் சொல்லும் பழைய காணொளிகளைத் தவிர்த்துவிடுங்கள். கணக்கை உங்கள் மின்னஞ்சலிலேயே தொடங்கி, நேர மண்டலத்தை இந்தியா என்றும் நாணயத்தை ரூபாய் என்றும் வையுங்கள். கூகுளே வழங்கும் சைட் கிட் பிளகின் வழியே தளத்தோடு இணைத்துவிடலாம். தளம் அமைத்தவர் அனலிட்டிக்ஸின் நிரல்துண்டைத் தீமுக்குள்ளும் வைத்திருந்தால் ஒவ்வொரு வருகையும் இரண்டாக எண்ணப்படும். அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விரிவான ஆய்வுக்கான தரவு வைப்புக்காலம் தொடக்கத்தில் 2 மாதம் என்றே இருக்கும். அமைப்புகளுக்குப் போய் 14 மாதமாக மாற்றுங்கள். தீபாவளிக் கால வருகையைச் சென்ற ஆண்டோடு அந்த ஆய்வில் ஒப்பிட அப்போதுதான் முடியும்.

உங்கள் நிலையில் எனக்கு முக்கியமாகப் படுவது வாட்ஸ்அப் பட்டன். அது வேறு தளத்துக்குச் செல்லும் இணைப்பு என்பதால், அனலிட்டிக்ஸில் மேம்பட்ட அளவீடு என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் யாரேனும் அதைத் தட்டும்போது வெளிச்சொடுக்கு என்று தானாகப் பதிவாகும். எந்தப் பையின் பக்கத்திலிருந்து தட்டினார்கள் என்பதையும் அதிலேயே பார்க்கலாம். ஆயிரம் பேர் வந்தார்கள் என்ற எண்ணைவிட, மடிக்கணினிப் பையைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் பேச முன்வந்தார்கள் என்ற எண்ணே, அடுத்து எந்தத் தோலை எவ்வளவு வெட்டலாம் என்று உங்கள் தம்பிக்குச் சொல்லும்.

வாட்ஸ்அப் குழுக்களில் நீங்கள் பகிரும் இணைப்பின் வழியே வருகிறவர்கள், எங்கிருந்து வந்தார்கள் என்ற அடையாளமின்றி ‘டைரக்ட்’ என்ற தலைப்பில் சேர்ந்துவிடுவார்கள். பகிரும் முகவரியின் இறுதியில், எங்கே பகிர்ந்தது என்று காட்டும் யுடிஎம் குறிச்சொற்களைச் சேர்த்தால் குழு வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். அந்த முகவரியை உருவாக்கித் தரும் படிவம் கூகுளிடமே இலவசமாக இருக்கிறது. ஊர் வாரியான கணக்கை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். அது இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியை வைத்துச் செய்யும் ஊகம் என்பதால், தாணேயில் செல்பேசியில் பார்ப்பவர் மும்பையில் இருப்பதாகவும் தெரிவார்.

இவற்றோடு கூகுளின் சர்ச் கன்சோலையும் இணைத்துவிடுங்கள். எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் தளம் கூகுளில் தென்பட்டது என்பதை 16 மாதங்கள் வரை அது வைத்திருக்கும். தளத்தில் யாரேனும் புகுந்ததைக் கூகுள் கண்டறிந்தால், எச்சரிக்கையும் அதன் வழியாகவே உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் இரண்டில் ஒன்றுக்குத்தான் இந்த வாரம் நேரம் இருக்கிறது என்றால் சர்ச் கன்சோலையே முதலில் செய்யச் சொல்வேன்.

---

தாராவி தோல்பை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி தேடிப் பார்த்தேன். எங்கள் பக்கங்கள் மட்டுமே வந்தன. டொமைன் தளம் அமைத்தவரின் கணக்கில்தான் இருக்கிறது. கேட்டதும் மாற்றித் தர மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். வேர்ட்பிரஸில் அவருடைய அட்மின் கணக்கோடு, சோதனைக்காக உருவாக்கிய இன்னொரு அட்மின் கணக்கும் இருக்கிறது. இவற்றை அப்படியே நீக்கிவிடலாமா? படிவத்தில் பெயரும் செல்பேசி எண்ணும் கேட்கிறோம். அதற்காகத் தளத்தில் ஏதேனும் அறிவிப்பு வைக்க வேண்டுமா?

---

பவாய் சர்வர் எழுதியது:

நீக்குவதில் சற்றுக் கவனம் தேவை. முதலில் உங்கள் மின்னஞ்சலில் புதிய அட்மின் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதன் வழியே உள்ளே வந்து, பேக்கப் எடுத்த பிறகு பழையவற்றை நீக்குங்கள். நீக்கும்போது, அந்தக் கணக்கின் பெயரில் உள்ளவற்றை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தால், அவர் உருவாக்கிய உங்கள் பக்கங்கள் யாவும் கணக்கோடு சேர்ந்து போய்விடும். வேறொருவர் பெயருக்கு மாற்று என்பதைத் தேர்ந்து உங்கள் பெயரைக் கொடுங்கள். அவருடைய உதவி தொடர்ந்து வேண்டுமென்றால், பக்கங்களைத் திருத்தும் உரிமை மட்டுமுள்ள எடிட்டர் அளவிலான கணக்கு ஒன்றை அவருக்குத் தரலாம்.

டொமைனை வேறு நிறுவனத்துக்கு இப்போது மாற்ற வேண்டாம். டாட் காம் பெயர்களைப் பதிவு செய்த 60 நாளுக்குள் அப்படி மாற்ற இயலாது. அதே நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, அவருடைய கணக்கிலிருந்து அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் அன்றே இயக்கிவிடுங்கள்.

அறிவிப்பு கட்டாயம் வையுங்கள். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவைப் பெறுபவர்களுக்கான முதன்மைக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருந்தாலும், பெயரையும் எண்ணையும் நம்பித் தருகிறவருக்கு அவை எதற்கு என்று சொல்ல நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்புதல் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அந்தச் சட்டம் வேண்டுகிறது. உங்கள் வாடிக்கையாளர்களுக்கு மராத்தி, இந்தி, தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கிலும் வைத்தால் நிறைவாக இருக்கும். தமிழில் இப்படி எழுதலாம்:

“உங்கள் கேள்விக்கு விடையளிப்பதற்காக மட்டுமே பெயரையும் செல்பேசி எண்ணையும் கேட்கிறோம். இவற்றை வேறு எவருக்கும் தருவதில்லை. ஆறு மாதத்துக்குப் பின் நீக்கிவிடுவோம். முன்னதாகவே நீக்க வேண்டுமெனில் எங்களுக்கு எழுதுங்கள். தளத்தின் பயன்பாட்டை அறியக் கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்துகிறோம். அது உங்கள் உலாவியில் குக்கீகளை (சிறு அடையாளக் கோப்புகளை) வைக்கும்.”

இதைப் படிவத்தின் அனுப்பும் பட்டனுக்கு மேலே, கண்ணில் படும் அளவில் வையுங்கள். ஆறு மாதம் என்று எழுதினால் அதை நிறைவேற்றவும் வேண்டும். சில படிவப் பிளகின்கள் வரும் விவரங்களை மின்னஞ்சலில் அனுப்புவதோடு தரவுத்தளத்திலும் சேமித்து வைக்கின்றன. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று அதன் அமைப்புகளில் பார்த்து, பழைய பதிவுகள் தாமாக நீங்கும்படி வைத்துவிடுங்கள்.