பவானிசாகர் அணைக்குள் போன ஊர்க்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மடைக்காரன்:
எங்கள் தோட்டம் கவுந்தப்பாடி பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். ஆகஸ்டில் தண்ணீர் வந்ததும் எங்கள் அப்பாரு (தாத்தா) மடையில் தேங்காய் உடைத்துக் கும்பிடுவார். அணைக்காகப் போராடிய அந்தக்கால ஈரோடு எம்.எல்.ஏ. தியாகி ஈஸ்வரன் பெயரை முதலில் சொல்வார். அப்புறம், "தண்ணிக்குள்ள ஊரை விட்டுட்டுப் போனவங்க" என்பார். அவர்கள் யாரென்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்பாரு போன தையில் தவறிவிட்டார். இந்த வருசம் தேங்காய் என் கையில்.

1948இல் தொடங்கி 1955இல் முடிந்த அணை. 2.07 லட்சம் ஏக்கர் பாய்கிறது, அதில் எங்கள் நாலு ஏக்கரும் சேர்த்தி. அதற்கு முன்பு மழையை நம்பிக் கம்பும் சோளமும்தான். என் படிப்பு, தங்கச்சி கல்யாணம் எல்லாம் கரும்பு ஆட்டிக் காய்ச்சிய சர்க்கரைப் பணம். உள்ளே போனது எந்த ஊர்? அந்த வீட்டார் இருந்தால் பேச வேண்டும்.

கோட்டைப் பேத்தி:
டணாய்க்கன்கோட்டைங்க. எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) பிறந்த ஊர். சாமியை மேட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்கள், கற்கோயில் தண்ணீருக்குள் நின்றுபோனது. அணை நன்றாக வற்றினால் மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். அப்படி ஒரு கோடையில் அமுச்சியைப் பரிசலில் கூட்டிப்போனோம். கோயில் தூணில் கை வைத்து, அங்கிருந்து அடிகளை எண்ணிக்கொண்டே நடந்து, வெடித்த சேற்றில் ஓர் இடத்தில் நின்றது. "இதுதான் எங்க வாசப்படி" என்றது. அப்புறம் அரைமணி நேரம் பேச்சே இல்லை.

கடைமடை:
வாய்க்கால் 200 கிலோமீட்டர். அதை வெட்டியபோது என் அப்பாரு கூடையில் மண் சுமந்தவர். அவர்களையும் சேர்த்துக் கும்பிடுங்கள் தம்பி. ஒற்றைப்படை எண் மதகுக்கு நெல்லுக்கான நஞ்சைத் தண்ணீர் விட்டால், இரட்டைப்படைக்குக் கடலை மாதிரிப் பயிருக்கான புஞ்சைத் தண்ணீர். அடுத்த வருசம் மாறும். முறை இல்லாத போகத்தில் மேல்மடைக்காரர் மதகைத் தொடாமல் இருப்பதால்தான் எங்கள் கடலைக்காடு காயாமல் இருக்கிறது. அந்த வருசம் அவர்கள் நெல் போடுவதில்லை. அதுவும் விட்டுக்கொடுத்ததுதான்.

மடைக்காரன்:
சரிங்க அண்ணா, கட்டாயம். கோட்டைப் பேத்தி, அமுச்சி இருக்கிறார்களா? தண்ணீர் வரும் அன்று எங்கள் மடைக்கு வருவார்களா? கார் அனுப்புகிறேன். தேங்காயை அவர்களே உடைக்கட்டும்.

கோட்டைப் பேத்தி:
இருக்குதுங்க, தொண்ணூறை நெருங்குது. இப்போதுதான் படித்துக் காட்டினேன். "எங்க ஊர்த் தண்ணி அவ்வளவு தூரம் போகுதா?" என்று இரண்டு தரம் கேட்டது. முட்டி வலி, வரப்பில் நடக்க முடியாது. மடை வரைக்கும் கார் வருமா?