கொய்யாவைக் கிளி கடிக்கிறது, தயிர் நூலாக இழுக்கிறது: வழி சொல்லுங்கள்

மாலா (வடவள்ளி, கோவை):
வணக்கம். இரண்டு சந்தேகம் இருக்கிறது, ஒரே இடத்தில் கேட்டுவிடுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு லக்னோ 49 கொய்யாவும் ஒரு மாதுளையும் நிற்கின்றன. இந்த மார்கழியில் இரண்டிலும் நல்ல காய்ப்பு. ஆனால் ஒரு பழம்கூட முழுசாகக் கைக்கு வருவதில்லை. விடிந்ததும் கிளிகள் கூட்டமாக இறங்கி, காயாக இருக்கும்போதே கடித்துக் கீழே போட்டுவிடுகின்றன. தப்பிப் பழுத்ததைக் கொண்டைக்குருவி குடைந்துவிடுகிறது. மாதுளை அணிலுக்கு. பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்ச நாள் பயந்தன, இப்போது அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் நைலான் மீன்வலை வாங்கி மரத்தின் மேல் போடச் சொல்கிறார். போடலாமா?

அடுத்தது தயிர். இந்தக் குளிரில் இரவு உறை ஊற்றி வைத்தால், காலையில் கரண்டியில் எடுக்கும்போது நூல் நூலாக வருகிறது. கெட்ட வாடை இல்லை, ஆனால் புளிப்பும் ஏறவில்லை. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். வெயில் காலத்தில் இப்படி ஆனதே இல்லை.

முருகேசன் (ஆயக்குடி):
மீன்வலை வேண்டவே வேண்டாம்மா. அந்த மெல்லிய நரம்பு பறவை கண்ணுக்குத் தெரியாது. கால் மாட்டினால் இழுக்க இழுக்க இறுகும். நாம் பார்ப்பதற்குள் செத்துத் தொங்கும். கீழே தரையில் கிடக்கிற வலையில் சாரைப் பாம்பும் சிக்கும். கிளியைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். வலைதான் போட வேண்டும் என்றால், சுண்டுவிரல் நுழையாத அளவு சின்னக் கண் உள்ள வெள்ளை வலையாக வாங்கி, தொய்வில்லாமல் இழுத்து, அடியில் மரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

ஆனால் ஒரு மரத்துக்கு வலையே தேவையில்லை. எங்கள் பக்கத்துத் தோப்புகளில் செய்கிற மாதிரி காய்க்குக் கவர் போடுங்கள். காய் எலுமிச்சை அளவு வந்ததும் முதலில் பழக்கடையில் ஆப்பிளுக்கு மாட்டியிருப்பார்களே, அந்த வெள்ளை ஃபோம் வலையை மாட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் கவரைப் போட்டுக் காம்போடு கட்டிவிட வேண்டும். கவரின் அடி மூலை இரண்டையும் வெட்டிவிடுங்கள், வேர்த்த தண்ணீர் வடியட்டும். பறவைக்கு மட்டுமில்லை, பழ ஈயும் உள்ளே முட்டை வைக்க முடியாது. பழத்தைப் பிளந்தால் புழு நெளிகிற தொல்லையும் இதோடு போகும்.

இன்னொரு விஷயம்: கொய்யா மரத்திலேயே பழுக்கட்டும் என்று விடாதீர்கள். கரும்பச்சை வெளுத்து, தோல் வழவழப்பானதும் பறித்து அரிசிப் பானைக்குள் வைத்தால் தானே பழுத்துவிடும். சீத்தாவும் சப்போட்டாவும் அப்படித்தான். மாதுளை அப்படி இல்லை. பறித்த பிறகு பழுக்காது, எவ்வளவு இனிப்போடு பறித்தீர்களோ அவ்வளவுதான். அதனால் பாதுகாப்பு அதிகம் தேவைப்படுவது மாதுளைக்குத்தான். பட்டர் பேப்பர் கவரோ, பழைய வேட்டியில் தைத்த பையோ போட்டு, பூ விட்டு ஏறத்தாழ 5 மாதம் காத்திருங்கள். பழத்தின் பக்கங்கள் லேசாகத் தட்டையாகி, விரலால் சுண்டினால் டங்கென்று சத்தம் வரும். அப்போது பறிக்கலாம்.

செல்வி (காரமடை):
தயிருக்கு நான் சொல்கிறேன் மாலா. அதற்கு முன் ஒன்று கேட்கணும். எந்தப் பாத்திரத்தில் உறை ஊற்றுகிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள்?

மாலா:
மண்சட்டி அக்கா. மேடையில் கிரானைட் கல் மேல் வைப்பேன். உறை எப்போதும் முதல் நாள் தயிரிலிருந்துதான்.

செல்வி (காரமடை):
நினைத்தேன். மண்சட்டியில் நீர் கசிந்து ஆவியாகும், ஆவியாகும்போது பாலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் சித்திரையில் மண்சட்டித் தயிர் அவ்வளவு ருசி. மார்கழியில் அதுவே வினை. போதாததற்குக் கீழே குளிர்ந்த கல். தயிரைக் கெட்டியாக்குகிற பாக்டீரியாவுக்கு 40 முதல் 45 டிகிரி சூடு வேண்டும். பால் சீக்கிரம் ஆறிப்போனால் அவை மந்தமாகி, பிசின் மாதிரி இழையை உண்டாக்குகிற வேறு வகை பாக்டீரியா பெருகிவிடும். முதல் நாள் தயிரையே உறையாக எடுப்பதால் அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது.

முதலில் உறையை மாற்றுங்கள். இழுக்காத, நல்ல தயிர் வைத்திருக்கிற வீட்டில் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கடையில் புதிய கப் தயிர். பாலைப் பொங்கியதும் இறக்காமல், சிறு தீயில் ஒரு பத்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள், தயிர் கெட்டியாக வரும். விரலை விட்டு மெதுவாகப் பத்து எண்ணும் வரை பொறுக்கிற சூடு வந்ததும், அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறையை நன்றாக அடித்துக் கலந்து, எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஹாட் பாக்ஸுக்குள் வையுங்கள். ஹாட் பாக்ஸை முன்னாடியே வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டால் இன்னும் நல்லது. உறைகிற வரை அசைக்கக் கூடாது. 6 முதல் 8 மணி நேரத்தில் உறைந்துவிடும், உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டால் புளிக்காது.

ஏற்கெனவே இழுக்கிற தயிரை, வாடை இல்லை என்பதால் கடைந்து மோர்க்குழம்புக்குப் போட்டுவிடுங்கள். உறைக்கு மட்டும் எடுக்காதீர்கள். மேலே ரோஸ் நிறமோ ஆரஞ்சு நிறமோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஃபாத்திமா (மேலப்பாளையம்):
முருகேசன் அண்ணன் சொன்ன கவர் பறவைக்குச் சரி. அணில் துணியையும் பேப்பரையும் கடித்துக் கிழித்துவிடும். எங்கள் வீட்டில் பிரியாணி பார்சல் வருகிற பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டைகள் போட்டு, விளிம்பில் காம்பு நுழைகிற அளவு வெட்டி, மூடி போட்டுக் கிளையோடு கம்பியால் கட்டிவிடுவோம். டப்பாவின் கனம் காம்பில் விழாமல் கிளையில் விழ வேண்டும், இல்லையென்றால் காய் உதிரும். சுவரிலிருந்து மரத்துக்குத் தாவ வசதியாக நீட்டிக்கொண்டிருக்கிற கொப்பையும் வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று, காலையில் கீழே பாதி தின்ற பழம் கிடந்தால் மிச்சத்தை அரிந்து பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ராத்திரி வௌவால் கடித்ததாக இருக்கலாம். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோதிலிருந்து நாங்கள் இதில் கண்டிப்பாக இருக்கிறோம். கையால் தொடாமல் வாரிப் புதைத்துவிடுவோம்.

மாலா:
செல்வி அக்கா, ஹாட் பாக்ஸ் வேலை செய்தது! எதிர் வீட்டில் உறை வாங்கினேன். இன்று காலை கரண்டி வைத்த இடம் அப்படியே வெட்டின மாதிரி நின்றது, இழை துளிகூட இல்லை. சின்னவள் தயிர் சாதம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

முருகேசன் அண்ணா, கவர் போடப் போனபோது சில காய்களில் காம்பு ஓரம் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. அப்படியே போட்டுவிடலாமா?

முருகேசன் (ஆயக்குடி):
போடாதீர்கள், அது மாவுப்பூச்சி. கவருக்குள் சூடும் மறைவும் கிடைத்தால் காய் முழுக்கப் பரவிவிடும். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளியுங்கள். ஒரு வாரம் பார்த்து, வெள்ளை இல்லை என்றால் காய் நன்றாக உலர்ந்த பிறகு கவர் கட்டுங்கள். மரத்தில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், மாவுப்பூச்சியைக் காவல் காத்துப் பரப்புவது அதுதான். அடிமரத்தில் பாலிதீன் பட்டையைச் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவினால் ஏறாது. கிரீஸைப் பட்டையில் மட்டும் தடவுங்கள், மரத்தோலில் படக் கூடாது.