ட்ராப்பில் முன் சக்கரம் குத்திக்கொண்டு விழுகிறது, என்ன தப்பு செய்கிறேன்?

செம்மண்_சட்டை:
சிங்கப்பூர் உபின் தீவு கெத்தாம் சைக்கிள் பூங்காவில் நீலச் சதுரம் போட்ட நடுத்தரப் பாதையெல்லாம் பழகிவிட்டது. கடினமான கறுப்பு வைரப் பாதையில்தான் சிக்கல், பாதை படி மாதிரி சட்டென்று கீழே இறங்கும் முழங்கால் உயர ட்ராப் ஒன்றைப் பார்த்தாலே விரல் தானாக பிரேக்குக்குப் போய்விடுகிறது. போன ஞாயிறு பயந்து பயந்து விளிம்புவரை ஊர்ந்து வந்தேன், முன் சக்கரம் தொபுக்கென்று இறங்க, நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்தேன். நல்லவேளை, முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. வண்டி பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில், முன் ஃபோர்க் அமுங்குவது 120 மி.மீ. உடம்பைப் பின்னால் தள்ளு என்றார்கள், தள்ளிக்கொண்டுதான் போனேன். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி வாங்கியே ஆக வேண்டுமா?

கியர்_பல்லு:
காசை வீணாக்காதீர்கள் தம்பி, வண்டியில் குறையில்லை. ஊர்ந்து போனதுதான் வினை. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சுமார் 1.2 மீட்டர் இருக்கும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் போனால் முன் சக்கரம் விளிம்பைத் தாண்டி முக்கால் நொடிக்கு மேல் கழித்துத்தான் பின் சக்கரம் வந்து சேரும், அதுவரை முன்பக்கம் சும்மா தொங்குமா, கவிழத்தான் செய்யும். 15 கி.மீ. என்றால் 0.3 நொடிகூட ஆகாது. பிரேக் பிடிப்பதை விளிம்புக்கு நன்றாக முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

மழைக்கு_ஒதுங்கியவன்:
வேகம் மட்டும் போதாது. முன்கூட்டியே பின்னால் சாய்ந்தால் கை ஏற்கெனவே நீண்டிருக்கும், அப்புறம் நீட்ட எதுவும் மிச்சமிருக்காது, தரை தொடும்போது அந்தக் கையே உங்களை முன்னால் இழுத்துவிடும். சீட்டை இறக்கி, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், குதிகால் தாழ, முழங்கை மடங்கி, நடுவில் தாழ்ந்து நில்லுங்கள். முன் சக்கரம் விளிம்பைத் தாண்டும் அந்தக் கணத்தில் ஹேண்டில்பாரை முன்னால் தள்ள வேண்டும், மேலே தூக்கக் கூடாது. கண் சக்கரத்தில் இருக்கக் கூடாது, இறங்கும் இடத்துக்கும் அப்பால் இருக்க வேண்டும். நான் இதை வீட்டு புளோக்குக்குக் கீழே நடைபாதை விளிம்பில்தான் ஒரு மாதம் பழகினேன், வாக்கிங் வரும் பாட்டிகள் இந்த வயதில் இது தேவையா என்பதுபோல் பார்ப்பார்கள்!

கியர்_பல்லு:
ஆமாம், கையைத் தள்ளுவதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

ஒற்றையடி:
வேகம் வேகம் என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். முதலில் இறங்கி நடந்து போய்ப் பாருங்கள். கீழே சரிவாக இருந்தால் அதே சரிவுக்கு வண்டி மூக்கும் கொஞ்சம் தாழ வேண்டும், சமதரை என்றால் இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தொட வேண்டும். சமதரையில் விழும் அடி முழுதும் முழங்காலுக்குத்தான், ஹார்ட்டெயிலில் இன்னும் அதிகம். மழை பெய்த மறுநாள் வேர் வழுக்கும், அன்றைக்கு ட்ராப் பக்கமே போகாதீர்கள். முழங்கால் கவசம் இருக்கிறதா?

செம்மண்_சட்டை:
இல்லை அண்ணே, ஹெல்மெட் மட்டும்தான். கவசம் வாங்கிவிடுகிறேன், ஃபுல் சஸ்பென்ஷனைவிட மலிவு. நேற்று இரவு நடைபாதை விளிம்பில் முப்பது நாற்பது தடவை இறங்கிப் பார்த்தேன், கடைசிப் பத்தில் இரண்டு சக்கரமும் ஒரே சத்தமாகக் கேட்டது. வலது காலை முன்னால் வைத்தால் மட்டும் தடுமாறுகிறேன், இரண்டு பக்கமும் பழக வேண்டுமா, ஒன்று போதுமா?

மழைக்கு_ஒதுங்கியவன்:
ஒன்று போதும். எந்தக் கால் தானாக முன்னால் வருகிறதோ அதையே வையுங்கள்.