"இத்தனையில உங்களுக்குப் பிடிச்சது எது?" என்று நூலக ஊழியரிடம் கேட்டிருக்கிறீர்களா?

தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நான் போனது பழைய நாடக நோட்டீஸ் தேடி. அங்கிருப்பதன் மூலம், சைன் போர்டு எழுதிய கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்தது. 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, சென்னைக்கு வந்து சேர்ந்தது. புத்தகம் மட்டுமா, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று எதையும் தூக்கிப்போடாத மனிதர். (எங்கள் வீடாக இருந்தால் அம்மா பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டிருப்பார்.)

கேட்டது வரும்வரை சும்மா இருக்காமல், அங்கிருந்த ஊழியர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஏதாவது அரிய இலக்கணப் பதிப்பைச் சொல்வார் என்று நினைத்தால், "குஜிலிப் புஸ்தகம்தான் தம்பி" என்றார்.

சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காசு, அணாவுக்கு விற்ற மெல்லிய பாட்டுப் புத்தகங்கள். எங்காவது கொலை நடந்தால் உடனே அதைப் பாட்டாகச் சொல்லும் ஒரு கொலைச் சிந்து வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சேதி போய்ச் சேரும், யாராவது பாடினால் போதுமே. மட்டமான தாள், இன்று தொட்டால் அப்பளம்தான். அதனால் திரையில்தான் காட்டினார். "இஃது இன்னாரால் இயற்றப்பட்டு" என்று தொடங்கும் முகப்பைத் தாண்டி, பாட்டையும் தாண்டி, கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். ஓரத்தில் பென்சிலால் யாரோ போட்ட பால் கணக்கு. கூட்டல் தப்பு.

"பாடுனவர் பேரு இருக்கு, அச்சடிச்சவர் பேரு இருக்கு. இவங்க யாரு தம்பி? கேட்டலாக்ல இதை எங்க எழுதுறது?"

நோட்டீஸ் வந்தது. அதில் எனக்கு மனசு போகவில்லை.

*

நான் தஞ்சாவூர். சுவடி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமாவுக்குப் பிடித்தது சுவடியின் கடைசி ஓலை. லெமன்கிராஸ் எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கரி தடவினால் கீறல் எழுத்து மேலெழும்பும். புள்ளி இருக்காது, வைத்தால் ஓலை கிழியும். புள்ளி வைத்தால் எகரம், வைக்காவிட்டால் ஏகாரம் என்பது அந்தக் கால எழுத்து; எகரமா ஏகாரமா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். கடைசியில் படியெடுத்தவர், எழுதி முடித்த நாளைப் போட்டுப் பிழை பொறுக்கச் சொல்லியிருப்பார்.

மாமாவைப் படுத்திய ஒரு சுவடியில் "பிரமாதி வருஷம்" என்று மட்டும் இருந்ததாம். அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1819ஆ, 1879ஆ? நெல்லைப் பக்கத்துச் சுவடி என்றால் கொல்லம் ஆண்டும் (திரும்பி வராமல் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போகும் ஆண்டுக் கணக்கு) பெரும்பாலும் சேர்ந்து இருக்கும், தப்பிக்கலாம். இதில் கிடையாது. "எழுதுனவனுக்குத் தெரியும்டா, அவன் எனக்காக எழுதலையே" என்பார். இன்றும் அந்த ஆளோடு வழக்குத் தீரவில்லை அவருக்கு.

*

நான் ஸ்கேன் எடுக்கும் வேலை. எங்கே என்று வேண்டாம். சுவடிக் கட்டில் வசம்பு, வேப்பிலை வருவது பூச்சிக்காக வைத்தது, அதில் ஆச்சரியமில்லை. ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் மயிலிறகு இருந்தது. குட்டி போடும் என்று எந்தப் பிள்ளை வைத்ததோ! முறைப்படி எடுத்துத் தனி உறையில் போட்டு, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்து, எண் கொடுத்தேன்.

போன மாதம்கூட உறையைத் திறந்து பார்த்தேன். ஒன்றுதான் இருக்கிறது.