வீட்டுக்குள் வைத்த மல்லிகையில் மொட்டுகள் கருகி உதிர்கின்றன: என்ன செய்யலாம்?

கேள்வி: வல்லைவெளி (ஸ்காபரோ, கனடா), டிசம்பர்

வணக்கம். ஒன்பதாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக ஒரு மல்லிகைக் கொடியை 30 செ.மீ. அகலமான பூச்சாடியில் வளர்த்து வருகிறேன். கோடை முழுவதும் பல்கனியில் நின்று அம்மாவின் படத்துக்கு நாள்தோறும் வைக்கும் அளவுக்குப் பூத்தது. ஒக்டோபரில் உள்ளே எடுத்தபோது நுனிகளில் மொட்டுகள் இருந்தன. அவை ஒன்றும் விரியாமல் கருகி உதிர்ந்துவிட்டன. இப்போது அடி இலைகள் மஞ்சளாகி விழுகின்றன, மேல் இலைகளோ தூசி படிந்தவை போல வெளிறிக் கிடக்கின்றன.

மல்லிகை மொட்டு வைக்கக் குளிர் வேண்டும் என்று எங்கோ வாசித்ததால், காற்று கசியும் பல்கனிக் கதவின் ஓரத்தில், சூடேற்றிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாள்தோறும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுகிறேன், வாரம் ஒருமுறை பசளையும் இடுகிறேன். யாழ்ப்பாணத்தில் அம்மா வைத்திருந்த கொடியின் நினைவாக வாங்கியது என்பதால் இதை இழக்க மனம் வரவில்லை.

மறுமொழி: மண்வாசம் (மார்க்கம், கனடா)

சகோதரி, மருந்து சொல்வதற்கு முன் இரண்டு விவரங்கள் வேண்டும். உங்கள் கொடியில் ஒவ்வொரு காம்பிலும் ஒற்றை அகல இலை இருக்கிறதா, அல்லது ஒரே காம்பில் ஐந்து, ஏழு சிற்றிலைகள் சிறகு போல அடுக்கியிருக்கின்றனவா? அடுத்து, ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பிறகு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் விழும் புள்ளிகள் நகர்கின்றனவா என்றும் கவனியுங்கள்.

வல்லைவெளி

ஒற்றை இலைதான் ஐயா, பளபளப்பாக, முட்டை வடிவில் இருக்கிறது. தாளில் விழுந்த புள்ளிகளில் சில மெல்ல நகர்ந்தன. கணுக்களுக்கிடையே நூலிழை போன்ற வலையும் தெரிகிறது.

மண்வாசம்

அப்படியென்றால் உங்களிடம் இருப்பது நம் குண்டு மல்லிகை இனம்தான். பிலிப்பீன்ஸ் மக்கள் சம்பகிதா என்று அழைத்து, 1934 முதல் தேசிய மலராகக் கொண்டாடுவதும் இதையே. நீங்கள் வாசித்த குளிர் அறிவுரை வேறொரு மல்லிகைக்கு உரியது. குளிர்காலக் கடைசியில் இங்கே கடைகளில் இளஞ்சிவப்பு மொட்டுகளோடு வளையத்தில் சுற்றி விற்கப்படும், சிறகு இலை கொண்ட சீன மல்லிகைக்குத்தான் மொட்டு வைக்க வாரக்கணக்கில் குளிர்ந்த இரவுகள் தேவை. குண்டு மல்லிகை வெப்பத்தில் துளிர்த்து அந்தப் புதுத் துளிரின் நுனியில் பூப்பது. அதற்குக் குளிர் ஓய்வாக அமையாது, தளர்ச்சியையே தரும். கதவின் குளிர்காற்றும் சூடேற்றியின் வறண்ட காற்றும் மாறி மாறிப் பட்டதில் மொட்டுகள் கருகியதில் வியப்பில்லை.

இலைகள் வெளிறியது வேறு காரணத்தால். நகரும் புள்ளிகள் சிற்றுண்ணிகள். வறண்ட சூட்டில் மிக வேகமாகப் பெருகும் இவை இலையின் சாற்றை உறிஞ்சுவதால்தான் ஊசி குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகள் தோன்றுகின்றன. கொடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், மண்ணைப் பையால் மூடி, இளஞ்சூட்டு நீரைப் பீய்ச்சி இலைகளின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். பிறகு தோட்டக்கடையில் கிடைக்கும் பூச்சிகொல்லிச் சவர்க்காரக் கரைசலை அடிப்பக்கம் முழுவதும் நனையத் தெளியுங்கள். அது முட்டைகளைக் கொல்லாது என்பதால் ஐந்து, ஆறு நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை செய்ய வேண்டும். ஒருமுறை தெளித்துவிட்டு நிறுத்துவதால்தான் பெரும்பாலோர் தோற்றுப்போகிறார்கள்.

அடி இலைகள் முழுதாக மஞ்சளாவது தண்ணீர் மிகுதியால். டிசம்பரில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணி நேரந்தான். அந்த ஒளியில் கொடி குடிப்பது மிகக் குறைவு. மேல்மண் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்த பின்பே ஊற்றுங்கள், பசளையை மார்ச் வரை நிறுத்துங்கள், தெற்குப் பார்த்த யன்னலுக்கு மாற்றுங்கள்.

மறுமொழி: நிலக்கோட்டையான் (திண்டுக்கல் மாவட்டம்)

நாங்கள் தலைமுறையாக மல்லிகை பயிரிடுகிறவர்கள். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்துவிடுவோம். வரும் துளிரில் பூ கொட்டும். மங்கிய இலைகளை வைத்துக்கொண்டு போராடுவதைவிட இப்போதே வெட்டிவிடுவது நல்லது என்பது என் கருத்து. சிற்றுண்ணிகளும் வெட்டிய கிளைகளோடு போய்விடும்.

மண்வாசம்

ஐயா, உங்கள் அனுபவத்தை மிகவும் மதிக்கிறேன். கவாத்து இல்லாமல் மல்லிகை இல்லை என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நவம்பரில் நீங்கள் வெட்டிய செடிக்கு அடுத்த சில வாரங்களிலேயே திறந்த வெளியின் முழு வெயில் கிடைக்கிறது. இங்கே அதே வேளையில் வெட்டினால் துளிர்க்க ஒளியில்லாமல் கொடி நிற்கும், நீரை இழுக்க இலையும் இல்லாததால் ஈர மண்ணில் வேர் அழுகும். நானே முதலாவது குளிர்காலத்தில் ஊர்ப் பழக்கத்தில் வெட்டி ஒரு நல்ல கொடியை இழந்தேன். பகல் நீளத் தொடங்கிய பின், மார்ச் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு கத்தரிப்பதே இங்கு பொருந்தும்.

நிலக்கோட்டையான்

நியாயமான விளக்கம். வெளிச்சத்தின் கணக்கை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மார்ச்சில் வெட்டும்போது காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த கிளை ஆகியவற்றை முதலில் எடுத்துவிடுங்கள் அம்மா. புதுத் துளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து நாங்கள் தெளிப்போம். தொட்டிச் செடிக்கு அதில் பாதி போதும், சிறு கிளையில் தெளித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

வல்லைவெளி (ஜூன்)

இருவருக்கும் நன்றி. நான்காவது தெளிப்புக்குப் பிறகுதான் சிற்றுண்ணிகள் முற்றாக அடங்கின. ஜனவரி முடிவில் பாதி இலைகள் போய்விட்டிருந்தன. மார்ச் 5 அன்று கத்தரித்தேன், ஏப்ரலில் எல்லாக் கணுக்களும் துளிர்த்தன. மே கடைசியில் ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கிய பின்பு பல்கனி வெயிலுக்கு மாற்றினேன். நேற்று இரவு ஏழு பூக்கள் விரிந்தன; கதவைத் திறந்தபோது கூடம் முழுவதும் மணந்தது. ஊரிலிருந்து அம்மாவின் கொடியில் ஒரு பதியனை அக்கா கொண்டுவர முடியுமா என்றும் கேட்க விரும்புகிறேன்.

மண்வாசம்

மண்ணோடு கொண்டுவரவே முடியாது. மண் நீக்கிய, வேர்விட்ட தண்டையும் இறக்குமதி அனுமதியும் இலங்கைத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள். உங்களிடம் இருக்கும் கொடியிலேயே இந்த மாதம் அரை முதிர்ந்த தண்டில் 10 செ.மீ. வெட்டி, ஈர மணலில் நட்டு, ஒளிபுகும் பையால் மூடி வையுங்கள், ஒரு துணைச் செடி கிடைக்கும். செப்டம்பரில் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும் முன்பே உள்ளே எடுங்கள். எடுக்கும் நாளிலேயே இலைகளின் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.