கனடா மரம் மட்டும் 2022-ல் தொபுக்கென்று விழுகிறது, எங்கே தப்பு?

வரைபட_ராணி:
வணக்கம். அமெரிக்கா இறக்குமதி செய்யும் அறுத்த சாஃப்ட்வுட்டில் (ஊசியிலை மரம்) கனடாவையும் ஜெர்மனியையும் 2012-லிருந்து மாதவாரியாக ஒப்பிடுகிறேன், எம்.ஏ. ஆய்வுக்கு. முதலில் 4407.10 என்ற சுங்க எண்ணை மட்டும் எடுத்ததில் 2017 பிறந்ததும் இரண்டு நாடும் பூஜ்யம். அந்த எண்ணையே 11, 12, 19 என்று பிரித்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்து மூன்றையும் கூட்டினேன், சரியானது.

இப்போது 2022 பிப்ரவரியில் கனடா மட்டும் விழுகிறது; ஜெர்மனி அசையவில்லை. 2021 கடைசியில் கனடா மரத்துக்கு வரியை 8.99-லிருந்து ஏறக்குறைய 18 சதவீதமாக்கினார்களே, அதுதான் காரணம் என்று ஒரு பாராவே எழுதிவிட்டேன். கைடு பென்சிலால் வட்டம் போட்டு, "இவ்வளவா விழும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பழைய_ஏஜென்ட்:
அந்தப் பாராவை அழிச்சிடும்மா. மரம் குறையல, வேற எண்ணுக்குப் போயிருக்கு. சுங்க எண் பட்டியலோட 2022 திருத்தத்துல 4407.13, 4407.14-னு ரெண்டு புதுசு. 13 எஸ்-பி-எஃப், அதாவது ஸ்ப்ரூஸ், பைன், ஃபிர் கலந்தது. கனடா உள்காட்டுல மூணும் சேர்ந்தே வளரும். ஆலையிலயும் பிரிக்காம அறுத்து ஒரே முத்திரை குத்திடுவாங்க. கனடா சரக்குல பெரும்பங்கு அதுதான். முன்னாடி அது 19-க்குள்ள கிடந்தது. 14 ஹெம்-ஃபிர், அதாவது ஹெம்லாக், ஃபிர் கலந்தது, மேற்குக் கரை மரம்.

அமெரிக்காவுல புது எண்கள் 2022 ஜனவரி 27-ல அமலுக்கு வந்துச்சு. ஜனவரி தாங்கி, பிப்ரவரி விழுந்தது அதனாலதான். வரிதான் காரணம்னா, அந்த ஆகஸ்ட்ல 8.59-க்கு இறக்கினப்ப கோடு எழுந்திருக்கணுமே, எழுந்துச்சா?

பைவட்_பாண்டி:
ஒவ்வொண்ணா கூட்டாதீங்க. 44071-ல ஆரம்பிக்கிற எல்லாத்தையும் எடுங்க. ஊசியிலை மரம் பழைய எண், புது எண் ரெண்டுலயும் அதுக்குள்ளதான் வரும். எக்செல்ல அந்தக் காலம் டெக்ஸ்ட்டா இருக்கணும், நம்பரா இருந்தா இந்த ஃபில்டர் பிடிக்காது. நான் ஒரு ராத்திரி முழுக்க முட்டிக்கிட்ட இடம் அது.

வரைபட_ராணி:
44071 என்று எடுத்ததும் கனடா கோடு எழுந்துவிட்டது அண்ணா! இன்னொன்று. 2015 வரை கனடாவுக்கு ஒரு தொழில் அறிக்கையின் போர்டு ஃபீட் (ஒரு சதுர அடி, ஓர் அங்குலக் கனம்) கணக்கை எடுத்து, ஆயிரத்துக்கு 2.36 கன மீட்டர் என்று மாற்றியிருக்கிறேன். பரவாயில்லையா?

மரக்கடைக்காரன்:
2.36 பெயரளவு கணக்குங்க. அங்க 2×4-னு விக்கிற கட்டை இழைச்சு முடிச்சா ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். 8 சதுர அங்குலம் பேர்ல, 5.25 கையில, மூணுல ஒரு பங்கு பேர்ல மட்டும்தான். (நம்ம கடையில ரீப்பரை டேப் வச்சு அளந்துட்டு சண்டைக்கு வர்றவங்க ஞாபகம் வருது.) எந்த அட்டவணை எந்த அளவுல போட்டிருக்குன்னு அடிக்குறிப்பைப் பாக்காம ஒட்டுப்போடாதீங்க. அந்த வருஷங்களும் சுங்கக் கணக்குல 4407.10-ல இருக்கே, அதையே எடுங்க.

டாலர் மதிப்பையும் தொடாதீங்க. 2021 மே மாசம் ஆயிரம் போர்டு ஃபீட் 1,600 டாலரைத் தாண்டிச்சு; அதே லாரி லோடு அப்ப மலை மாதிரி தெரியும்.

வரைபட_ராணி:
மாற்றிவிட்டேன். கனடா பக்கத்தில் ஜெர்மனி தரையோடு தவழ்கிறது. இரண்டு அச்சு போடலாமா?

பழைய_ஏஜென்ட்:
வேண்டாம், ஏமாத்து வேலை. 2016-ஐ ரெண்டுக்கும் 100-னு வச்சு, மத்த வருஷங்களை அதோட ஒப்பிட்டுப் போடு. அப்ப ஜெர்மனி ஏறுறது தெரியும். 2018 வறட்சிக்கு அப்புறம் பட்டை வண்டு தின்ன ஸ்ப்ரூஸை அங்க அவசரமா வெட்டித் தள்ளினாங்க. அழிச்ச பாரா இடத்துல அதை எழுது.